தன் வயிற்றுக் கல்லைத் தானே அராவிய தளபதி

1782-ம் ஆண்டு. வடநாட்டில் லக்னோ நகரம். அயோத்தி நவாபுகளின் ஆட்சி நடந்த காலம்.

அந்த நகரில் ஒரு வெள்ளைக்காரத் தளபதி இருந்தார். வயது நாற்பத்தேழு. கை நிறையப் பணம். வீடு நிறைய வேலைக்காரர்கள். நவாபின் அரண்மனையில் நல்ல செல்வாக்கு. எல்லாம் இருந்தும் என்ன பயன்? நிம்மதியாகச் சிறுநீர் கழிக்க முடியவில்லை. அவருடைய சிறுநீர்ப்பையில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் பெரிய கல்லுக்கு வைத்தியர்கள் சொன்ன வழி கத்திதான். மயக்க மருந்து அப்போது கிடையாது. நாலு பேர் கை கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நோயாளி கதறக் கதற அறுத்துக் கல்லை எடுப்பார்கள். பிழைப்பதும் சாவதும் கடவுள் கையில்.

தளபதி கத்திக்கு உடன்படவில்லை. ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை எடுத்தார். அதன் நுனியில் அரம் போலப் பற்கள் வெட்டினார். அந்தக் கம்பியைச் சிறுநீர் வரும் வழியாகத் தன் உடம்புக்குள் செலுத்தினார். உள்ளே கிடந்த கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவினார். ஏறக்குறைய ஆறு மாதம் விடாமல் அராவினார்!

கல் ஒழிந்தது. தளபதி பிழைத்தார்.

அந்த மனிதர் பெயர் கிளாட் மார்ட்டின். கல்லை உடம்புக்குள்ளேயே உடைத்து வெளியேற்றும் சிகிச்சையின் கதையைச் சொல்லும் மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரை மறப்பதில்லை.

வெயில் நாட்டு வேதனை

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த வலி தெரியாத வலி அல்ல. செம்மண் பூமி. சித்திரை, வைகாசி வந்தால் அனல் பறக்கும். வயலிலும் முந்திரிக் காட்டிலும் கல் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நாள் முழுவதும் வேலை. உடம்பில் உள்ள நீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும். குடிக்கும் தண்ணீரோ போதாது.

அப்போது சிறுநீர் கெட்டிப்படுகிறது. அதில் கரைந்து வெளியேற வேண்டிய உப்புகள் கரையாமல் தங்கிவிடுகின்றன. அவை முதலில் பொடியாகின்றன. பிறகு மணலாகின்றன. மணல் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிறது. இதைத்தான் ஊரில் கல்லடைப்பு என்கிறார்கள்.

கல் இரண்டு இடங்களில் தொல்லை கொடுக்கும். சிறுநீரகத்தில் உண்டான கல் குழாயில் இறங்கும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி சுண்டி இழுக்கும். சிறுநீர்ப்பையில் தங்கிய கல்லோ வேறு விதம். அது சிறுநீர் வெளியேறும் வாயை வந்து அடைக்கும். நீர் சொட்டுச் சொட்டாகப் போகும். எரியும். இரத்தம் கலந்து வரும். மார்ட்டினுக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை.

இன்று இப்படிப்பட்ட வலியோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கிறது? ஸ்கேன் எடுத்துக் கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடுகிறார்கள். சிறிய கல்லாக இருந்தால் மருந்தும் தண்ணீரும் போதும். பெரிய கல்லை இயந்திரத்தால் உடைத்துத் தூளாக்குகிறார்கள். பலர் இரண்டொரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அந்த வரிசையில் முன்னே நிற்கிறவர் டாக்டரே அல்ல, ஒரு சிப்பாய்! அவர் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் தமிழ் மண். வந்து இறங்கியதோ, புதுக்கோட்டைத் தொண்டைமானும் பங்கு கொண்ட ஒரு போரின் நடுவில்.

பதினாறு வயதுச் சிப்பாய்

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே 1735-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி மார்ட்டின் பிறந்தார். எளிய தொழிலாளிக் குடும்பம். பெரிய படிப்பு இல்லை. ஆனால் கணக்கிலும் கருவிகளிலும் பையனுக்கு ஆசை அதிகம்.

1751-ல் அவருக்குப் பதினாறு வயது. பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். மறு ஆண்டு புதுச்சேரியில் வந்து இறங்கினார்.

அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் டூப்ளே. தென்னாட்டை யார் ஆள்வது என்று பெரும் போட்டி. ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்கு இரண்டு பேர் சண்டையிட்டார்கள். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர்கள் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டையில் இருந்தார். அந்தக் கோட்டைக்காகத்தான் ஆண்டுக் கணக்கில் போர் நடந்தது.

திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமை. அதை ஆண்டவர் விஜய ரகுநாதராயத் தொண்டைமான். அவர் முகமது அலி பக்கமும் ஆங்கிலேயர் பக்கமும் நின்றார். முற்றுகையில் தவித்த திருச்சிக்குத் தம் நாட்டிலிருந்து உணவுப் பொருள்கள் அனுப்பி உதவினார். அந்த உதவி ஆங்கிலேயருக்குப் பெரிய பலமாக இருந்தது. ஆக, தொண்டைமான் ஒரு பக்கம். இளஞ் சிப்பாய் மார்ட்டின் எதிர்ப் பக்கம்.

பிரெஞ்சுக்காரர்களின் நிலை நாளுக்கு நாள் இறங்கியது. 1754-ல் டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1758-ல் லாலி என்ற தளபதி வந்தார். கடுமையான மனிதர். சிப்பாய்களுக்கு அவரிடம் அன்பு இல்லை. சம்பளமும் சரியாக வரவில்லை. 1760-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்கள். கோட்டைக்குள் பசி.

அந்த ஆண்டில்தான் மார்ட்டின் ஆங்கிலேயர் பக்கம் போய்ச் சேர்ந்தார். தன் கொடியை விட்டு எதிரியின் கொடிக்குக் கீழே போனது புகழுக்குரிய செயல் அல்ல. அவர் கதையில் இதை மறைப்பதற்கும் இல்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. மார்ட்டின் வங்காளத்துக்குப் போனார்.

சிப்பாய் செல்வந்தர் ஆனார்

வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனிப் பட்டாளத்தில் அவர் படிப்படியாக உயர்ந்தார். அவருக்கு வாளைவிடக் கருவிகள் மேல் பிரியம். அதனால் நில அளவை வேலைக்கு அனுப்பினார்கள். சங்கிலியும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றினார். தேசப்படம் வரைய உதவினார்.

1776-ம் ஆண்டு அவருடைய வாழ்க்கை திரும்பியது. லக்னோவில் நவாபு ஆசப் உத் தௌலாவின் ஆயுதச் சாலைக்கு மேற்பார்வையாளராக நியமனம் ஆனார். பீரங்கி வார்ப்பது, துப்பாக்கி செய்வது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கொல்லர்களும் தச்சர்களும் கன்னார்களும் அவர் கீழே வேலை செய்தார்கள். எந்த உலோகத்தை எவ்வளவு காய்ச்சலாம், எந்தக் கம்பி வளையும், எது ஒடியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

பணமும் குவிந்தது. அவுரி வியாபாரம் செய்தார். வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். நவாபுக்கே வட்டிக்குக் கடன் கொடுத்தார். அந்நியர் கையில் நாடு போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த நாட்டிலிருந்தே பெரும் பொருள் திரட்டிய வெள்ளைக்காரர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் சேர்த்த பணத்தைச் சூதாடியும் குடித்தும் அழித்துவிடவில்லை. ஆயிரக் கணக்கில் புத்தகங்கள் வாங்கினார். கடிகாரங்களும் விஞ்ஞானக் கருவிகளும் சீமையிலிருந்து வரவழைத்தார். 1785-ல் சூடான காற்று அடைத்த பலூனை லக்னோ வானத்தில் பறக்கவிட்டு ஜனங்களை வியக்க வைத்தார். ஐரோப்பாவில் மனிதன் பலூனில் பறக்கத் தொடங்கி அப்போது இரண்டே வருஷம்!

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கல் பிடித்துக்கொண்டது.

கத்தியா, கம்பியா?

கல்லை அறுத்து எடுக்கும் வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பழங்காலத்துச் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலில் அந்த முறை விளக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது, கல்லை விரலால் எப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுவருவது, எங்கே கீறுவது என்றெல்லாம் அதில் உண்டு. அது உயிருக்கு ஆபத்தான காரியம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே கல்லறுக்கும் வைத்தியர்கள் வேகத்தில் போட்டி போட்டார்கள். சில நிமிஷங்களில் முடித்துவிடுவார்கள். வலி குறைவாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த அவசரம். ஆனால் புண் சீழ் பிடிப்பது கிருமியால்தான் என்பது அப்போது வைத்தியர்களுக்குத் தெரியாது. கத்தியைக் கொதிநீரில் போடும் வழக்கம் இல்லை. பலர் வலியில் சாகாமல் பிழைத்து, பிறகு புண் சீழ் பிடித்து இறந்தார்கள்.

மார்ட்டின் இவற்றையெல்லாம் அறிந்தவர். கத்திக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தார். ஆனால் சும்மா இருந்தாலும் சாவுதான். கல் வளர்ந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே வேறு வழி உண்டா என்று யோசித்தார்.

அடைபட்ட சிறுநீரை வெளியேற்ற மெல்லிய குழாய் செலுத்துவது அந்தக் காலத்திலும் உண்டு. வெள்ளியில் அப்படிக் குழாய் செய்வார்கள். குழாய் போகும் வழியில் ஒரு கம்பி ஏன் போகக் கூடாது? கம்பி போனால் அரம் ஏன் போகக் கூடாது? இரும்பை அராவும் கைக்குக் கல்லை அராவத் தெரியாதா? ஆயுதச் சாலைக்காரரின் மூளை இப்படி வேலை செய்தது.

ஆறு மாதப் போர்

கருவி தயாரானது. ஓர் எஃகுக் கம்பி. தையல் பின்னும் ஊசியைப் போல மெல்லியது. நுனி சற்றே வளைந்தது. வளைவின் ஒரு பக்கத்தில் மட்டும் அரத்தின் பற்கள். மறு பக்கம் வழவழப்பு. கல்லைத் தொடும் பக்கம் அராவ வேண்டும். சதையைத் தொடும் பக்கம் கீறக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கைப்பிடி திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் ஒரு பொருளால் ஆனது. எலும்பு போல உறுதி, மூங்கில் பிளாச்சு போல வளைந்து கொடுக்கும்.

முதலில் குழாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திக்கொள்வார். பை விரிந்து கொடுக்கும். பிறகு உடம்பைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கல்லைப் பையின் வாய்ப் பக்கம் வரச் செய்வார். அப்புறம் கம்பியை மெதுவாக உள்ளே விடுவார். அது கல்லில் தட்டுவது கைக்குத் தெரியும். உடனே மெல்ல மெல்ல இழுத்து அராவுவார். சில நாட்களில் பன்னிரண்டு முறை வரைக்கும் இப்படிச் செய்தார்.

பிறகு சிறுநீர் கழிக்கும்போது மணல் மணலாக ஏதோ வெளியே வரும். அது கல்லின் தூள்! அதைப் பார்க்கும்போது பட்ட வேதனை எல்லாம் மறந்துபோயிருக்கும்.

அவர் பொறுமையை என்னவென்று சொல்வது! தன் உடம்பில் தானே ஆயுதம் செலுத்த வேண்டும். கை நடுங்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. சற்றுத் தவறினால் பை கிழிந்துவிடும். இரத்தம் கொட்டும். கிருமி புகும். அத்தனை ஆபத்தையும் அவர் சுமார் ஆறு மாதம் தாண்டினார். கல் சிறுத்துச் சிறுத்து முடிவில் இல்லாமலே போயிற்று.

இங்கே ஒரு வார்த்தை. மார்ட்டின் பிழைத்தது அவருடைய கைத்திறன் பாதி, அதிர்ஷ்டம் பாதி. இன்று யாரும் இதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் கம்பியையோ குழாயையோ சிறுநீர் வழியில் செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று நமக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது.

மறைக்காத மனிதர்

மார்ட்டின் செய்த காரியங்களில் எது பெரியது? கல்லை அராவியதா? அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

சிறுநீர்க் கோளாறு என்றால் வெளியே சொல்ல வெட்கம். ஏழைக்கும் வெட்கம், பணக்காரருக்கும் வெட்கம். அவரோ நவாபின் சபையில் மதிப்புள்ள தளபதி. குணமானதும் கம்பியைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது.

அவர் அப்படிச் செய்யவில்லை. தனக்கு என்ன நோய், என்ன கருவி செய்தார், எப்படிப் பயன்படுத்தினார் என்று விவரமாக எழுதினார். லண்டனில் இருந்த அறுவை வைத்தியர்களுக்கு அனுப்பினார். தன்னைப் போலத் தவிப்பவர்களுக்கு அது உதவட்டும் என்பது அவர் எண்ணம். கருவியை விற்றுக் காசாக்க நினைக்கவில்லை. எதிலும் லாபம் பார்க்கத் தெரிந்த அந்த வியாபாரி இந்த ஒன்றில் லாபம் பார்க்கவில்லை.

லண்டன் வைத்தியர்கள் உடனே அந்த வழிக்கு வந்துவிடவில்லை. கத்தி வைத்தியம்தான் தொடர்ந்தது. ஒரு சிப்பாய் தன் மேல் தானே செய்துகொண்ட வேலை வைத்தியம் ஆகுமா என்ற சந்தேகம் அவர்களுக்கு.

பிறகு வந்தவர்கள்

மார்ட்டின் கல்லை அராவி 42 ஆண்டுகள் சென்றன. 1824-ம் ஆண்டு ஜனவரி மாதம். பாரிசு நகரில் சிவியால் என்ற டாக்டர் ஒரு புதுக் கருவி செய்தார். அதில் மூன்று நகங்கள். அவை கல்லைக் கவ்விப் பிடிக்கும். நடுவில் ஒரு துளைப்பான். அது கல்லைக் குடையும். உடம்பில் கத்தி படாமல், பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நோயாளியின் கல்லை உடைத்துக் காட்டினார். உலகம் வியந்தது.

சிவியால் அதோடு நிற்கவில்லை. கணக்கும் எடுத்தார். கத்தி வைத்தியத்தில் 100 பேருக்கு ஏறக்குறைய 19 பேர் இறந்தார்கள். கல்லை உடைக்கும் முறையில் 100 பேருக்கு இரண்டு பேர் அளவில்தான் இறந்தார்கள். கணக்கு பேசியது. வைத்தியர்கள் கேட்டார்கள்.

1846-ல் மயக்க மருந்து வந்தது. 1870-களின் கடைசியில் சிறுநீர்ப்பைக்குள்ளே விளக்கு வைத்துப் பார்க்கும் குழாயை நிட்சே என்ற ஜெர்மன் டாக்டர் செய்தார். மார்ட்டின் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த வேலையை இனிக் கண்ணால் பார்த்துச் செய்யலாம்! 1878-ல் அமெரிக்காவில் பிகெலோ என்ற டாக்டர், கல்லை உடைத்து அதே அமர்வில் தூளையெல்லாம் உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. மார்ட்டின் வாழ்ந்த அதே வடநாட்டில் பிரையர் என்ற அயர்லாந்து டாக்டர் நூற்றுக் கணக்கானவர்களுக்கு இப்படிக் கல் உடைத்தார். ராம்பூர் நவாபின் கல்லை அவர் எடுத்தபோது நவாபு அவருக்குக் கொடுத்த பரிசு ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்து ஒரு லட்சம்!

இதற்குள் மருத்துவக் கருவி செய்வதே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. பாரிசில் ஷாரியேர் என்பவர் பெரிய பட்டறை வைத்திருந்தார். சிறுநீர்க் குழாய்களுக்கு ஓர் அளவு முறை ஏற்படுத்தினார். ஒரு மில்லிமீட்டரை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் எண். பதினெட்டாம் எண் குழாய் என்றால் ஆறு மில்லிமீட்டர் கனம். புதுக்கோட்டைக் கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடையில் இன்று சிறுநீர்க் குழாய் வாங்கினாலும் உறை மேல் அந்த எண்தான் இருக்கும். குழாய் நழுவாமல் உள்ளேயே நிற்க நுனியில் சிறு பலூன் வைத்த முறையை 1930-களில் அமெரிக்க டாக்டர் போலி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குழாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கடைசியாக 1980-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. ஜெர்மனியில் மியூனிக் நகரம். சௌசி என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். வெளியிலிருந்து அதிர்வு அலைகளைச் சிறுநீரகக் கல் மேல் பாய்ச்சினார்கள். கல் நொறுங்கியது. உடம்பில் கத்தியும் இல்லை, கம்பியும் இல்லை! அந்த இயந்திரத்தைச் செய்தது ஒரு விமானக் கம்பெனி. அதிவேக விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் என்ன ஆகிறது என்று ஆராயப் போய், அந்த ஆராய்ச்சி கல்லடைப்புக்கு மருந்தாக முடிந்தது. இன்று லேசர் ஒளியாலும் கல்லைத் தூளாக்குகிறார்கள்.

கல்லறையும் கல்விச் சாலைகளும்

கல்லிலிருந்து தப்பிய மார்ட்டின் மேலும் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். லக்னோவுக்கு வெளியே கான்ஸ்டன்ஷியா என்ற பிரம்மாண்டமான மாளிகையைக் கட்டத் தொடங்கினார்.

முதுமையில் சிறுநீர்த் தொல்லை அவரை மறுபடியும் வாட்டியது. ஒரு முறை கல் வந்த உடம்பில் மீண்டும் கல் வருவது உண்டு. இந்தத் தடவை அரம் உதவவில்லை. 1800-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி அவர் காலமானார். வயது அறுபத்தைந்து.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில் நீண்ட உயில் ஒன்று எழுதி வைத்திருந்தார். வேலைக்காரர்களை மறக்கவில்லை. ஏழைகளுக்குத் தர்மம் வைத்தார். கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடப்பவர்களை விடுவிக்கப் பணம் ஒதுக்கினார். பெரும் பகுதியைப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதினார். தனக்குக் கிடைக்காத படிப்பு பிறருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் பெயரால் மூன்று நகரங்களில் பள்ளிகள் எழுந்தன. பிறந்த ஊரான லியோனில் 1833-ல். கல்கத்தாவில் 1836-ல். லக்னோவில் 1845-ல். லா மார்ட்டினியர் என்ற அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. லக்னோ பள்ளி நடப்பது அவர் கட்டிய அதே மாளிகையில்.

அந்த மாளிகையின் நிலவறையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அது அவருடைய சொந்த விருப்பம். கல்லறை இருக்கும் கட்டிடத்தை நவாபுகள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எண்ணித்தான் அப்படிச் செய்தார் என்று சொல்வதுண்டு. சாதாரணச் சிப்பாயாக இந்தியாவுக்கு வந்தவர், மேஜர் ஜெனரலாக இறந்தார் என்பதைக் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். தாழ்வாகத் தொடங்கியதையும் மறைக்க விரும்பாத மனிதர்!

வீட்டுக்கு ஒரு பாடம்

புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தொண்டைமான் காலத்தில் திருச்சிக்கு மாட்டு வண்டியில் நெல் போன சீமையில், இன்று டாக்டர்களே படித்து வெளிவருகிறார்கள். கல்லுக்குப் பயந்து கத்திக்கும் சாவுக்கும் நடுவே தவிக்க வேண்டிய காலம் போய்விட்டது.

ஆனாலும் பழைய எதிரி ஒன்று இன்னும் இருக்கிறது. அது வெட்கம். நீர் எரிகிறது என்று மருமகள் மாமியாரிடம் சொல்வதில்லை. சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று தாத்தா பேரனிடம் சொல்வதில்லை. சொல்லாமல் இருக்க இருக்கக் கல் வளர்கிறது. சிறுநீரகம் கெடுகிறது.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறமாக இருந்தால் குடித்த தண்ணீர் போதும் என்று அர்த்தம். மஞ்சள் ஏறினால் இன்னும் குடிக்க வேண்டும் என்று அர்த்தம். இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவுப்படி குடிக்க வேண்டும். இரத்தம் கலந்து போனாலும், நீர் அடைபட்டாலும், வலியோடு காய்ச்சல் வந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

படுக்கையில் இருக்கும் பெரியவருக்குக் குழாய் வாங்கும்போது உறையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். உறை கிழிந்திருக்கக் கூடாது. காலாவதித் தேதி தாண்டியிருக்கக் கூடாது. டாக்டர் எழுதிய எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கருவிகளுக்கு 2018 முதல் இந்தியாவில் தனி விதிகள் அமலில் இருக்கின்றன. குழாயைப் பொருத்துவதும் எடுப்பதும் பயிற்சி பெற்ற கையால்தான் நடக்க வேண்டும்.

இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, உதவ யாரும் இல்லாத ஒரு தளபதி தன் கல்லோடு தனியாகப் போராடினார். வென்ற பிறகு அந்தக் கதையை ஊரறியச் சொன்னார். இன்று போராட்டம் டாக்டருடையது. நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான். வெட்கத்தை விட்டு, வலியை நேரத்தோடு வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.